பேட்டரியா, பெட்ரோலா: மாமாவோடு வாதாடிக் கற்றவை

எடை போட்டுப் பார்த்தால் பெட்ரோல்தான் வெல்லும். மின்சாரக் கார் ஓட்டுபவன் நான்; இருந்தும் இந்த விவாதத்துக்கு யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். ஒரு கிலோ பெட்ரோலுக்குள் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி, அதாவது மின்சார மீட்டர் கணக்கில் 12 யூனிட், ஆற்றல் அடங்கியிருக்கிறது. இன்றைய மின்சாரக் காரின் அடியில் இருக்கும் பேட்டரியை அதன் உலோகப் பெட்டி, குளிர்விக்கும் குழாய்கள், கம்பிகள் எல்லாவற்றோடும் சேர்த்து நிறுத்தால் கிலோவுக்கு 0.15 யூனிட் தேறும். எண்பது மடங்கு வித்தியாசம். இதை மறைத்துவிட்டு மின்சாரக் கார் பக்கம் நின்று பேசுபவர்கள், கேட்பவரின் நம்பிக்கையை முதல் நிமிடத்திலேயே இழந்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கை எனக்கு எடுத்துக்காட்டியவர் என் அக்காவின் கணவர். வாழ்நாளெல்லாம் பெட்ரோல் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவர். நான் பேட்டரிப் பக்கம்: மின்தடை வந்தால் கணினிகள் அணைந்துவிடாமல் தாங்கும் பெரிய யூபிஎஸ் அமைப்புகளின் பேட்டரி அறைகளைப் பராமரிப்பது என் வேலை. நான் மின்சாரக் கார் வாங்கிய நாளில் எங்களுக்குள் தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. அதில் கோபம் வந்ததுண்டு, பேச்சு முறிந்ததில்லை. அவர் கேட்ட கேள்விகள் இல்லாவிட்டால் பாதி விஷயங்களை நான் தேடிப் படித்தே இருக்க மாட்டேன். கார் வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அவை பயன்படும் என்று எழுதுகிறேன்.

“எண்பது மடங்கு, மாப்பிள்ளை. இதற்கு என்ன பதில்?” என்றார்.

“ஓடி நின்ற இன்ஜினைத் தொட்டால் கை வெந்துவிடுமே, மாமா. அந்தச் சூடு எந்த வேலைக்குப் போகிறது?”

“எந்த வேலைக்கும் இல்லை. ரேடியேட்டர் வழியாகக் கொஞ்சம், சைலன்சர் வழியாகக் கொஞ்சம்.”

விவாதத்தின் உயிர்நாடி அந்த பதிலில்தான் இருக்கிறது. அன்றாட ஓட்டத்தில் பெட்ரோல் காரின் டாங்கில் உள்ள ஆற்றலில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரத்தைச் சென்று சேர்கிறது. பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார்களுக்கென்று வடிவமைத்த மிகச் சிறந்த இன்ஜின்கள் 40 சதவீதத்தைத் தாண்டியிருக்கின்றன; அதுவும் தமக்கு ஏற்ற வேகத்திலும் சுமையிலும் ஓடும்போது மட்டும். பேட்டரியிலிருந்து வெளிவரும் மின்சாரத்திலோ 80 சதவீதத்துக்கு மேல் சக்கரத்துக்குப் போகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார், அந்த லிட்டரில் உள்ள 9 யூனிட்டைக் கரைத்துத்தான் 15 கிலோமீட்டரைக் கடக்கிறது. ஏறக்குறைய அதே அளவுள்ள மின்சாரக் கார் அந்தத் தூரத்தை இரண்டேகால் யூனிட்டில் முடித்துவிடும். நான்கு மடங்கு சிக்கனம். எண்பது அப்போதே இருபதாகிவிடுகிறது. இன்ஜின், கியர்பாக்ஸ், சைலன்சர், ரேடியேட்டர் ஆகியவற்றின் எடையையும் கழித்துவிட்டால் இடைவெளி இன்னும் சுருங்கும்.

ஆனால் மூடிவிடாது. 600 கிலோமீட்டர் போக 40 லிட்டர் பெட்ரோல் போதும். அதன் எடை 30 கிலோ. அதே தூரத்துக்கு 90 யூனிட் பேட்டரி வேண்டும். அதன் எடை 600 கிலோ. கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் விமானம் ஏன் பேட்டரியில் ஓடவில்லை என்பதற்கு இதுவே காரணம். காரில் அந்த எடையைத் தரையோடு தரையாகப் பரப்பி வைக்க முடிகிறது, அவ்வளவுதான். அதன் விலையை டயர்கள் கொடுக்கின்றன: கனமான வண்டி, முதல் நொடியிலேயே கிடைக்கும் முழு இழுவிசை, இரண்டும் சேர்ந்து டயரை வேகமாகத் தேய்க்கின்றன. பராமரிப்புச் செலவே இல்லை என்று யாராவது சொன்னால் டயரைப் பற்றிக் கேளுங்கள்.

பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்கள் நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும் என்று எதிர்பார்ப்பார்கள். மின்சாரக் காரில் நேர்மாறு. நகரத்துக்குள் ஒவ்வொரு முறை வேகம் குறைக்கும்போதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி ஆற்றலின் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. சிக்னலில் நிற்கும்போது மோட்டாருக்குச் செலவே இல்லை. நெடுஞ்சாலையில் இந்த இரண்டு ஆதாயங்களும் போய்விடுகின்றன. எதிர்க்காற்றின் தடை மட்டும் வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. பெட்ரோல் காருக்கும் அதே காற்றுத் தடைதான். ஆனால் நகரத்தில் படுமோசமாக வீணடிக்கும் இன்ஜின் நெடுஞ்சாலையில் கொஞ்சம் ஒழுங்காக வேலை செய்வதால் அந்த இழப்பு வெளியே தெரிவதில்லை. ஆகவே நீண்ட பயணத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: விளம்பரத்தில் சொல்லும் தூரத்தில் 70 சதவீதத்தை நெடுஞ்சாலைத் தூரமாக எடுத்துக்கொள்கிறேன். வழியில் பேட்டரியை 10 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில்தான் பயன்படுத்துவேன் என்பதால் அதிலும் 70 சதவீதம். இரண்டு நிறுத்தங்களுக்கு இடையில் நம்பிப் போகக்கூடியது விளம்பரத் தூரத்தில் ஏறக்குறைய பாதி. இந்தப் பாதி உங்களுக்குப் போதுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அமெரிக்காவின் ஈபிஏ சோதனையில் வந்த எண் கொஞ்சம் கறாரானது. ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி எண் தாராளமானது. எந்தச் சோதனையின் எண் என்பதைக் கேட்காமல் இரண்டு கார்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

மாமாவின் அடுத்த ஆயுதம் நேரம். “ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பேன்” என்பார். உண்மையில் பெட்ரோல் பம்ப் செய்யும் காரியத்தைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கிறது. நிமிடத்துக்கு 35 லிட்டர் ஊற்றும் குழாய் ஏறத்தாழ 19 மெகாவாட் வேகத்தில் ஆற்றலைக் கடத்துகிறது. ஒரு நிமிடத்தில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடத் தேவையானது காருக்குள் வந்துவிடுகிறது. 150 கிலோவாட் வேகச் சார்ஜரில், அது முழு வேகத்தில் கொடுத்தால், நிமிடத்துக்கு 16 கிலோமீட்டர். சீனாவின் பிஒய்டி நிறுவனம் 2025 மார்ச்சில் அறிவித்த 1,000 கிலோவாட் சார்ஜிங், ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீட்டர் என்கிறது. இடைவெளி வேகமாகக் குறைகிறது. ஆனால் அந்தச் சார்ஜரும், அதை ஏற்கும் காரும், அதைத் தாங்கும் மின்கம்பியும் ஒரே இடத்தில் கூடியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த அறிவிப்பால் உங்களுக்குப் பயனில்லை.

இந்தக் கேள்விக்கு என் பதில் வேறு. நான் தூங்கும் நேரத்தில் கார் நிரம்புகிறது. 7 கிலோவாட் சார்ஜர் எட்டு மணி நேரத்தில் ஐம்பது யூனிட்டுக்கு மேல் ஏற்றிவிடும். சாதாரண 3 கிலோவாட் இணைப்பே ஓர் இரவில் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தரும்; பெரும்பாலானவர்களின் அன்றாட ஓட்டம் அதைவிடக் குறைவு. வேகச் சார்ஜரைத் தேடுவது நெடும்பயணத்தன்று மட்டும். ஆகவே எரிபொருளா மின்சாரமா என்ற விவாதத்தில் நான் இப்போதெல்லாம் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதுதான். அங்கே ஒரு மின் இணைப்பு இருந்தால் விவாதத்தில் முக்கால் பங்கு முடிந்துவிட்டது. இல்லையென்றால், பேட்டரித் தொழில்நுட்பம் எவ்வளவு முன்னேறியிருந்தாலும் வாரம்தோறும் வேறொருவரின் சார்ஜரை நம்பி வாழ வேண்டியிருக்கும். அக்கா மகன் கார் வாங்க யோசனை கேட்டபோது, மாடிக் குடியிருப்பில் அவனுக்குச் சார்ஜ் செய்ய இடமில்லை என்று தெரிந்ததும் ஹைப்ரிட் பெட்ரோல் கார் வாங்கச் சொன்னேன். என் பக்கத்தை நான் விட்டுக்கொடுத்துவிட்டதாக மாமா மகிழ்ந்தார். என் பக்கமே அதுதான் என்பதை அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

வேகச் சார்ஜிங்கில் ஓர் எச்சரிக்கை. விளம்பரத்தில் இருக்கும் உச்ச கிலோவாட் எண்ணைப் பார்க்காதீர்கள். 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். உச்ச வேகம் சில நிமிடங்களுக்கு மட்டுமே நிற்கும். 80க்கு மேல் சார்ஜிங் நத்தை வேகத்துக்கு இறங்குவதில் காரணம் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் இருக்கும் கிராஃபைட் மின்முனைக்குள் லித்தியம் அயனிகள் நுழைந்து இடம் பிடிக்க நேரம் தேவை. அவசரப்படுத்தினால் அவை உள்ளே போகாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்பப் பயன்படாது. ஊசியாக வளர்ந்தால் உள்ளேயே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படலாம். குளிரில் இந்த ஆபத்து கூடும் என்பதால்தான் உறைநிலையில் கார் முதலில் பேட்டரியைச் சூடாக்கிக்கொண்டு பிறகு மெதுவாக ஏற்றுகிறது. சார்ஜர் மெதுவாகிறதே என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் சொல்வது: அது உங்கள் பேட்டரியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

குளிரைப் பற்றிப் பேசும்போது பெட்ரோலுக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். இன்ஜின் வீணடிக்கும் சூடு குளிர்காலத்தில் பயணிகளை இலவசமாகக் கதகதப்பாக வைக்கிறது. மின்சாரக் கார் அந்தச் சூட்டையும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019இல் வெளியிட்ட சோதனையில், மைனஸ் 7 டிகிரி செல்சியஸில் ஹீட்டரையும் போட்டு ஓட்டியபோது கார்கள் போகும் தூரம் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இழுத்துத் தரும் வெப்பப் பம்ப் உள்ள கார்களில் இழப்பு குறைகிறது. குளிர் நாட்டில் வாழ்பவர்கள் அது இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

பேட்டரி எத்தனை நாள் வரும் என்ற கேள்வியில் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. யூபிஎஸ் அறைகளில் ஈய அமில பேட்டரிகளோடு பழகியவர்களுக்கு ஒரு விதி மனப்பாடம்: வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஒரே வகை பேட்டரி, ஒரே வேலை. குளிர்ந்த அறையில் இருப்பது ஆண்டுக்கணக்கில் உழைக்கும், புழுக்கமான அறையில் இருப்பது பாதியிலேயே உப்பிப்போகும். லித்தியமும் வெப்பத்தை வெறுக்கிறது. திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லாமல் வந்த தொடக்கக் கால மின்சாரக் கார்கள் வெப்பமான பகுதிகளில் விரைவாகத் திறன் இழந்ததும், பேட்டரி செத்துப்போகும் என்ற பேச்சு அங்கிருந்து பரவியதும் இதனால்தான். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரவக் குளிர்விப்பு உண்டு. ஆயிரக்கணக்கான வாகனங்களின் தரவுகளை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் ஆண்டுக்குச் சராசரி இழப்பு 2 சதவீதத்தை ஒட்டியே வருகிறது. பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை, 70 சதவீதத் திறனுக்குக் குறையாது என்று உத்தரவாதம் தருகின்றன.

ஆனால் ஈயத்தோடு பழகிய பழக்கத்தை லித்தியத்திடம் காட்டக் கூடாது. ஈய அமில பேட்டரியை எப்போதும் முழுதாக நிரப்பி வைக்க வேண்டும். குறைவாக விட்டால் சல்பேட் படிந்து கெட்டுவிடும். லித்தியத்துக்கு முழு நிரப்பலே சுமை. நூறு சதவீதம் ஏற்றி வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதைப் போல அதற்குக் கெடுதல் செய்வது குறைவு. இதிலும் இரண்டு குடும்பங்கள் உண்டு. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்த என்எம்சி வகை, எடைக்கு அதிக ஆற்றல் தரும். அன்றாடம் 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வது அதற்கு நல்லது. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த எல்எஃப்பி வகை, எடையில் கொஞ்சம் பின்தங்கினாலும் அதிக முறை சார்ஜ் தாங்கும். எளிதில் தீப்பற்றும் நிலைக்குப் போகாது. நிக்கலும் கோபால்ட்டும் தேவையில்லை. உலகில் தோண்டியெடுக்கும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசு என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது என்பதையும், அங்குள்ள சுரங்கங்களில் சிறுவர்கள் வேலை செய்வதையும் நினைத்தால், எல்எஃப்பியை நான் விரும்புவதற்குப் பொறியியல் மட்டும் காரணமல்ல. என் காரில் இருப்பதும் அதுவே. அதன் மின்னழுத்தம் பாதிக்கு மேல் காலியாகும்வரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்கிடுவது காரின் கணினிக்குக் கடினம். தொடர்ந்து அரைகுறையாகவே ஏற்றிக்கொண்டிருந்தால் திரையில் தெரியும் சதவீதம் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் வாரம் ஒருமுறை நூறு வரை ஏற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு. ஏற்றியதும் ஓட்டிவிடுங்கள், நிறுத்தி வைக்காதீர்கள்.

மின்சாரம் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்பதும் நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் காரும் சிக்கனமான பெட்ரோல் காரும் கிலோமீட்டர் கணக்கில் அருகருகே வந்துவிடுகின்றன. பேட்டரி தயாரிப்பில் வெளியான வாயுவையும் சேர்த்தால் மின்சாரக் கார் அங்கே தோற்கவும் கூடும். காற்றாலை, சூரியசக்தி, நீர்மின்சாரம், அணுசக்தி எவ்வளவுக்குக் கலக்கின்றனவோ அவ்வளவுக்கு அது முன்னே போகிறது. பெட்ரோல் காரின் புகை வாங்கிய நாளில் இருந்ததைவிடக் குறையப்போவதில்லை. மின்சாரக் காரின் கணக்கு மின்நிலையம் மாறும்போதெல்லாம் மாறும்.

இனி அதிசயச் செய்திகள். பத்து நிமிடச் சார்ஜ், ஆயிரம் கிலோமீட்டர், இருபது ஆண்டு ஆயுள் என்று மாதம் தவறாமல் ஏதாவது ஒன்று வருகிறது. பெரும்பாலும் அது ஆய்வகத்தில் நாணய அளவு செல் ஒன்றில் கிடைத்த முடிவு. அதைப் படிக்கும்போது நான் தேடுவது: தனிச் செல்லின் எடைக்கா, பெட்டியும் குழாய்களும் சேர்ந்த முழு பேட்டரியின் எடைக்கா இந்த எண்? எத்தனை முறை சார்ஜ் செய்து பார்த்தார்கள்? எந்த வெப்பநிலையில்? எந்தக் காரில் இன்று ஓடுகிறது? சிலிக்கான் மின்முனையை எடுத்துக்கொள்ளுங்கள். கிராஃபைட்டைவிட ஏறத்தாழ பத்து மடங்கு லித்தியத்தை அது பிடித்துவைக்கும். ஆனால் நிரம்பும்போது மூன்று மடங்குக்கு மேல் உப்பி, நாளடைவில் நொறுங்கும். அதனால் கிராஃபைட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பயன்படுத்துகிறார்கள். மின்முனைகளுக்கு நடுவில் அயனிகளைக் கடத்தும் திரவத்துக்குப் பதிலாகத் திடப்பொருளை வைத்த பேட்டரியும் சொன்ன வேகத்தில் வந்துவிடவில்லை. டொயோட்டா அதற்கு 2027–28 என்று இலக்கு வைத்திருக்கிறது. அது வரட்டும் என்று காத்திருப்பவர்களிடம், காத்திருக்கும் காலமெல்லாம் எந்தக் கார் ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்கிறேன்.

உண்மையான முன்னேற்றம் ஆரவாரமில்லாமல் வந்தது. சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிசான் லீஃப் 2010இல் 24 யூனிட் பேட்டரியோடு வந்தது. ஈபிஏ கணக்கில் 117 கிலோமீட்டர். 2019இல் அதே பெயருள்ள கார் 62 யூனிட்டோடு 364 கிலோமீட்டர் போனது. அந்தப் பத்தாண்டில் எந்த நாளும் புரட்சி நாள் அல்ல. 2010இல் இருந்ததைவிட இன்று ஒரு யூனிட் பேட்டரியின் விலை ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்திருக்கிறது.

மாமாவுக்குப் பிடித்த ஒரு வரலாறு உண்டு. 1900ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் மின்சாரக் கார்கள் ஏராளமாக ஓடின. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டியதும் 1899இல் காமில் ஜெனாட்சி ஓட்டிய மின்சாரக் கார்தான். பெட்ரோல் காரைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்ப வேண்டிய தொல்லையை, சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி 1912இல் காடிலாக் கார்களில் வந்த மின்சார ஸ்டார்ட்டர் ஒழித்தது. “பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்துதான் மாப்பிள்ளை, பெட்ரோலை ஜெயிக்க வைத்தன” என்பார். நான் பதிலுக்கு எக்ஸானைச் சொல்வேன். மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் பேட்டரியை ஸ்டான்லி விட்டிங்ஹாம் 1970களில் உருவாக்கியது அந்த எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில். ஜான் குட்இனஃப், அகிரா யோஷினோ ஆகியோரோடு அவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பழைய மின்சாரக் கார் வாங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள். ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். பேட்டரியின் எஞ்சிய திறன் சதவீதத்தைக் காரின் கணினியிலிருந்து எடுத்து எழுத்தில் கேளுங்கள். உத்தரவாதம் புதிய உரிமையாளருக்கு மாறுமா என்று கேளுங்கள். அடித்தட்டில் அடிபட்ட தடம் இருந்தால் விலகிவிடுங்கள். பிரேக்கை அதிகம் பயன்படுத்தாததால் டிஸ்குகளில் துரு ஏறியிருக்கலாம், அதையும் பாருங்கள். பெரிய பேட்டரி நிரம்பியிருந்தும் கார் உயிர்பெறவில்லை என்றால் பதறாதீர்கள். பூட்டு, விளக்கு, கணினி எல்லாம் பல கார்களில் இன்னமும் ஒரு சிறிய 12 வோல்ட் ஈய அமில பேட்டரியை நம்பித்தான் இயங்குகின்றன. அது தீர்ந்தால் எல்லாமே அடங்கிவிடும். நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சோதித்து மாற்றுவது மலிவான காரியம்.

மாமாவின் பட்டறைக்கு இப்போது டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் மின்சாரக் கார்கள் வருகின்றன. தன்னிடம் வேலை பார்க்கும் பையன்களுக்கு அவர் முதலில் சொல்லிக் கொடுப்பது ஆரஞ்சு நிறக் கம்பிகளைப் பற்றி. அந்த நிறத்தில் இருப்பவை உயர் அழுத்தக் கம்பிகள். 400 வோல்ட், சில கார்களில் 800. அதற்கென்று பயிற்சி பெறாதவர்கள் அவற்றைத் தொடக் கூடாது. பயிற்சி பெற்றவரும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இணைப்பைத் துண்டித்து, இன்வெர்ட்டரில் தேங்கிய மின்னேற்றம் வடியக் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். அந்த மீட்டரை எப்படிப் பிடிப்பது என்று கேட்கத்தான் போன வாரம் என்னை அழைத்திருந்தார்.